தலையில் காந்தம் வைத்தால் மனச்சோர்வு தீருமா?

"மாத்திரை சரியா கேட்கலை. டி.எம்.எஸ் கொடுத்துப் பார்க்கலாம்" என்று மனநல மருத்துவர் சொன்னதும், பல வீடுகளில் எழும் முதல் கேள்வி: "கரண்ட் ஷாக் வைப்பாங்களா டாக்டர்?"

பழைய சினிமாக்கள் நம் மனதில் போட்டுவைத்த பயம் அது. அந்தப் பயத்திலேயே நல்ல சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், 'எல்லா மூளைப் பிரச்னையும் தீரும்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டுபவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்குமாக இந்த வாரம் டி.எம்.எஸ் பற்றிப் பார்ப்போம்.

ஷாக் வேறு, காந்தம் வேறு

நாம் 'ஷாக்' என்று சொல்வது ஈ.சி.டி சிகிச்சையை. 1938-ல் ரோம் நகரில் தொடங்கியது. மூளைக்குள் மின்சாரம் செலுத்தி, சில நொடிகள் வலிப்பை வரவழைப்பார்கள். இன்று மயக்க மருந்து, தசைத் தளர்வு மருந்து கொடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அவை இல்லாமல் செய்வதை நம் நாட்டின் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சாப்பாடு தண்ணீர்கூட எடுக்காத, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருக்கிற நோயாளிகளுக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை.

டி.எம்.எஸ்ஸில் மயக்க மருந்து கிடையாது. வலிப்பை வரவழைப்பதும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும். தலையை ஒட்டி ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். அதற்காகக் காதில் அடைப்பான் கொடுப்பார்கள். மண்டையில் யாரோ விரலால் தட்டுவதுபோல இருக்கும். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அடுப்பங்கரையில் இருக்கும் அறிவியல்

உங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அடியில் கம்பிச்சுருள். அதில் உண்டாகும் காந்தப்புலம் கண்ணாடியைத் தாண்டிப்போய்ப் பாத்திரத்தில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1831-ல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம் இது. டி.எம்.எஸ்ஸும் இதே கதைதான். காந்தத் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டிப்போய், மூளையின் மேற்பகுதியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அடுப்பின் வேலை சூடாக்குவது; இங்கே வேலை, நரம்பு செல்களைத் தூண்டுவது.

1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்துகாட்டினார்கள். மூளையின் ஒரு பக்கத்தைத் தூண்டினால், எதிர்ப்பக்கக் கை துடித்தது! இன்றும் முதல் நாளில் கைவிரல் துடிக்கிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொருவருக்கும் காந்தத்தின் அளவை முடிவு செய்கிறார்கள். பிறகு, மனச்சோர்வுக்காக நெற்றியின் இடதுபக்கத்துக்கு மேலே சுருளை நகர்த்தி வைக்கிறார்கள்.

எவ்வளவு பலன்?

2008-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை மனச்சோர்வுக்கு அனுமதித்தது, 2018-ல் ஓ.சி.டி பிரச்னைக்கும் அனுமதி கிடைத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இருக்கிறது.

மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வில், சிகிச்சை பெறுபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கினருக்கு அறிகுறிகள் பெரும்பாலும் மறைகின்றன. மீதிப் பேருக்குப் பெரிய மாற்றம் இருக்காது. குணமானவர்களுக்கும் சில மாதங்களில் திரும்ப வரலாம். எனவே, 'காந்தம் வெச்சாச்சே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வழக்கமாக வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம் போக வேண்டும். முன்பு ஒரு முறைக்கு 37 நிமிடத்துக்கு மேல் ஆனது. 414 பேரிடம் கனடாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், மூன்று நிமிட முறையும் அதற்குக் குறைவில்லாத பலன் தருவது தெரிந்தது. உட்காரும் நேரம் குறைந்தாலும் தினசரி அலைச்சல் அப்படியேதான் இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவருக்குப் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடு. யார் தினமும் கூட்டிப்போவது என்பதை முதலிலேயே குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் சிகிச்சை வேண்டுமா என்பதில் நோயாளியின் சம்மதம்தான் முக்கியம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

தலைக்குள் உலோக கிளிப், காதுக்குள் காக்ளியர் கருவி இருந்தால் இந்தச் சிகிச்சை கூடாது. பேஸ்மேக்கர் இருந்தாலோ, முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். தலைவலி, சுருள் வைத்த இடத்தில் வலி இரண்டும் சகஜம், போகப்போகக் குறையும். வலிப்பு வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

பணம் கட்டும் முன்...

'ஆட்டிசம் குணமாகும், மறதி நோய் போகும்' என்று உறுதி கொடுப்பவர்களிடம் கவனம் தேவை. அவற்றில் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிள்ளைக்கு எதையாவது செய்தாக வேண்டும் என்று துடிக்கும் பெற்றோர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இது எந்த நோய்க்காக? மனநல மருத்துவர் நேரில் பரிசோதிப்பாரா? மொத்தம் எத்தனை முறை, என்ன செலவு? பாதியில் பலன் தெரியாவிட்டால் அடுத்து என்ன? வலிப்பு வந்தால் சமாளிக்க வசதி இருக்கிறதா?

ஆன்லைனில் விற்கும், தலையில் மாட்டும் மின்கருவிகளை வாங்கி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். வளரும் மூளையில் அந்தச் சோதனை வேண்டாம்.

மனம் மிகவும் கனத்துப்போயிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் முடங்கிக் கிடந்தால், 'சோம்பேறித்தனம்' என்று திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரையா, கவுன்சலிங்கா, காந்தமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.