காரின் மேல் சாம்பல், தொழிலாளி மேல் பாரம்!

அமெரிக்காவில் காலிபோர்னியா மாநிலத்தில் காடு எரியத் தொடங்கியதும் கூடவே ஓர் உபதேச மழையும் பொழியத் தொடங்குகிறது. காரை மூடி வை, மெழுகு பூசு, கண்ணாடியை ஏற்றிவிடு, சாம்பலைத் துடைக்காதே! மெழுகு விற்பவர் சொல்கிறார். உறை விற்பவர் சொல்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி சொல்கிறது. இந்த உபதேசத்தில் பெரும்பகுதி உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த உபதேசிகள் எந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள்? அதைத்தான் இங்கே அம்பலப்படுத்த விரும்புகிறோம்.

"கார் வைத்திருப்பவர்களின் கவலை நமக்கு எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த நாட்டின் நிலைமை வேறு. தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவருக்கும், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போகிற பெண்ணுக்கும் அங்கே கார்தான் கால். பஸ் எட்டிப் பார்க்காத ஊர்கள் ஏராளம். பழைய வண்டி ஒன்று நின்றுபோனால் வேலை போகும். வேலை போனால் வாடகை நிற்கும். ஆகவே இது உழைப்பாளியின் பிரச்னையும்தான்.

சாம்பல் காரை என்ன செய்கிறது? சாம்பல் போட்டுப் பித்தளைச் செம்பைத் துலக்கிய நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது தேய்க்கும், அறுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் பெயிண்டின் மேற்பூச்சு முழுவதும் கீறல் விழும். வைப்பரை ஓட்டினால் முன் கண்ணாடி கீறும். சாம்பல் படிந்த பிறகு உறையைப் போர்த்துவது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். பனியோ தூறலோ பட்டுவிட்டால் அதே சாம்பல் காரமாக மாறிப் பூச்சை அரிக்கிறது. சாம்பல் நீரில் துணி வெளுத்தவர்கள் அறிந்த அதே காரம்தான்.

எனவே முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டுச் சாம்பலை ஓடவிட வேண்டும். அதன் பிறகுதான் சோப்பு நீரும் மெல்லிய துணியும். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் துவாரங்களில் தேங்கிய சாம்பலை எடுத்துவிட வேண்டும். புகையில் ஓட்ட நேர்ந்தால் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை அடைத்து, உள்ளிருக்கும் காற்றே சுழலும்படி வைக்க வேண்டும். எஞ்சினுக்குப் போகும் காற்றின் பில்டரையும், உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு வரும் காற்றின் பில்டரையும் பார்த்து மாற்ற வேண்டும்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். இனி அவர்கள் சொல்லாததைச் சொல்லுகிறோம்.

முதலாவதாக, காரைக் கழுவுவது யார்? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கார் கழுவும் நிலையங்களில் உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அவர்கள் கையில் வந்து சேருவது வெறும் விறகுச் சாம்பல் அல்ல. 2018 நவம்பர் 8-ல் மூண்ட தீ பாரடைஸ் என்ற ஊரையே விழுங்கியது. 85 பேர் மாண்டனர். 18,000-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. வீடு எரிந்தால் பழைய பெயிண்டும் குழாயும் பாட்டரியும் சேர்ந்தே எரிகின்றன. அந்தப் புகையில் இருந்த ஈயம் 150 மைலுக்கு அப்பால் மொடெஸ்டோ வரை போனதாக மாநிலக் காற்றுவள வாரியமே 2021-ல் வெளியிட்டது. காரின் தோலுக்கு இத்தனை பக்குவம் சொன்ன கனவான்கள், அதைக் கழுவுகிறவரின் நுரையீரலுக்கு எத்தனை வரி ஒதுக்கினார்கள்?

"அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. புகையில் வேலை செய்வோருக்காக 2019-ல் காலிபோர்னியா ஒரு விதி கொண்டுவந்தது. காற்றின் மாசுக் குறியீடு 151-ஐ எட்டினால் முதலாளி மாஸ்க் கொடுக்க வேண்டும்; 500-ஐத் தாண்டினால் அணிந்தே ஆக வேண்டும். நல்ல விதிதான். போராடிப் பாதுகாக்க வேண்டிய விதி. ஆனால் அது காற்றில் மிதக்கும் புகையை அளக்கிறது. சாம்பல் படிந்த கார்கள் கழுவ வருவதோ வானம் வெளுத்த பிறகு! குறியீடு இறங்கிவிட்டது, விதி ஓய்ந்துவிட்டது, காரின் மேல் சாம்பல் மட்டும் இருக்கிறது. 2025 ஜனவரித் தீக்குப் பிறகு, சாம்பல் கிளம்பும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் சுகாதார அதிகாரிகள் இலை ஊதும் இயந்திரங்களைத் தடை செய்தார்களே! அபாயம் தெரியாமலா செய்தார்கள்?

இரண்டாவதாக, நஷ்டம் யாருக்கு? அங்கே சட்டம் கட்டாயப்படுத்துவது பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்சை மட்டுமே. தன் காரைத் தீயும் புகையும் கெடுத்தால் ஈடு பெறத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். பழைய வண்டிக்கு எந்த ஏழை அதைக் கட்டுவான்? பணக்காரரின் கார் மறு பூச்சுக்குப் போகிறது. ஏழையின் கார் துருவேறுகிறது.

மூன்றாவதாக, தீ எங்கிருந்து வந்தது? எல்லாத் தீயும் ஒரே காரணத்தால் மூளுவதில்லை. மின்னலால் மூளுவதுண்டு, வறட்சியும் காற்றும் அதை வளர்ப்பதுண்டு. ஆனால் பாரடைஸை எரித்தது பி.ஜி.அண்டு.இ. என்ற தனியார் மின்சாரக் கம்பெனியின் கம்பி. நூறாண்டை நெருங்கிய கோபுரத்தில் ஓர் இரும்புக் கொக்கி தேய்ந்து அறுந்தது. 2020 ஜூனில் 84 மரணங்களுக்குக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டனை? சுமார் 35 லட்சம் டாலர் அபராதம். சிறைக்குப் போனவர் ஒருவருமில்லை. பில்டரைக் காலாகாலத்தில் மாற்று என்று கார்க்காரருக்கு ஓயாத உபதேசம்! கொக்கியைக் காலாகாலத்தில் மாற்றாத கம்பெனிக்கு யார் உபதேசித்தார்கள்?

"தனி மனிதன் வேறென்ன செய்ய முடியும்? தன் காரையாவது காப்பாற்றிக்கொள்ளட்டும்" என்பது அவர்களின் கடைசி வாதம். இந்த வாதமும் 2025 ஜனவரி 7-ல் நடுத்தெருவில் நின்றது. பாலிசேட்ஸ் பகுதியில் தீ துரத்த, நெரிசலில் சிக்கிய மக்கள் கார்களை அப்படியே விட்டுவிட்டுக் கால்நடையாக ஓடினார்கள். தீயணைப்பு வண்டிகளுக்கு வழிவிட அந்தக் கார்களை புல்டோசர் ஓரமாகத் தள்ளியது. மெழுகு பூசிய காரும் பூசாத காரும் ஒன்றாகவே தள்ளப்பட்டன. ஊரே தப்பிப் போக வேண்டிய நேரத்தில் சாலை போதவில்லை என்றால் எந்த உறை காப்பாற்றும்?

காரைக் கழுவட்டும், நன்றாகவே கழுவட்டும். ஆனால் கழுவுகிறவருக்கு மாஸ்க்கும் கையுறையும் மாற்றுடையும் முதலாளி செலவில் வேண்டும். சாம்பல் தீரும்வரை அந்தப் பாதுகாப்பு நீடிக்க வேண்டும். வேலை முடிந்து குளித்துவிட்டுப் போக இடம் வேண்டும். இல்லையேல் அந்த ஈயம் அவர் சட்டையோடு குழந்தையின் பாய்க்குப் போகும். கம்பெனியின் கம்பியால் மூண்ட தீ என்றால், ஏழையின் பழைய காருக்கும் கம்பெனியே ஈடு தர வேண்டும். தேய்ந்த கொக்கிக்குக் கையெழுத்திட்ட அதிகாரி கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும்.

இவற்றைச் சொல்லாமல் மெழுகு டப்பாவை மட்டும் நீட்டுகிறவர், மக்களுக்கு யோசனை சொல்ல வரவில்லை. சரக்கு விற்க வந்திருக்கிறார்.