மூன்று தட்டும் ஒரே கடதாசியும்

'மேன்முறையீடு இருக்கிறதுதானே' என்று சொல்லி எமது வாயை அடைக்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் எமது அகதி விண்ணப்பங்களை நிராகரிக்கும் ஐரோப்பிய அதிகாரிகள். உம்முடைய நாட்டில் நீதிமன்றங்கள் மூன்று தட்டாக உண்டு, பிழையான தீர்ப்பை மேலே போய்த் திருத்தலாம் என்று கடிதம் எழுதுகிறார்கள். மற்ற வகையினர் எம்மவரேதான். சட்டத்தின் மேல் பக்தி குறையாத பெரியவர்கள். கோப்பை கழுவும் நாங்கள் சட்டம் பேசினால் அவர்களுக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

அந்தப் பக்தி எங்கிருந்து வந்ததென்பது எமக்குத் தெரியும். கதியாலைத் தள்ளிப் போட்டதற்கு வருடக்கணக்காய் வழக்காடிய ஊர்கள் எம்முடையவை. கீழே தோற்றால் மேலே போவோம். அப்புக்காத்துக்குக் கொடுக்கக் காணியையே ஈடு வைப்போம். அங்கே மேன்முறையீட்டுக்கு ஒரு பொருள் இருந்தது. மேலேயுள்ள நீதிமன்றம் பெரும்பாலும் சாட்சியைத் திரும்பக் கூப்பிட்டு முகம் பார்ப்பதில்லை, கீழே பதிந்த ஏட்டைத்தான் வாசிக்கும். காணி வழக்கில் அந்த ஏட்டின் அடியில் கிடந்தது எமது நொத்தாரிசு எழுதி, நாம் கையெழுத்து வைத்த உறுதி.

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கில் அடியில் கிடப்பது பொலிஸ் எழுதிய கடதாசி. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கக் கூடாதென்றது. வெள்ளைக்காரனுக்குக்கூடத் தன் பொலிஸ்காரனைத் தெரிந்திருந்தது! 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத் தலைகீழாக்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ எடுத்த வாக்குமூலம் செல்லும். அது அடித்து வாங்கியதென்று நிரூபிக்க வேண்டியவர் அடிவாங்கியவரே.

சிங்கராசா வழக்கை எடுத்துக்கொள்வோம். 1993 யூலையில் மட்டக்களப்புப் பகுதியில் இராணுவம் பிடித்தவர். தமிழ் மட்டுமே பேசுபவர், பள்ளிப் படிப்பில்லாதவர். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர், கீழே பெருவிரல் அடையாளம். முதுகிலும் கண்ணிலும் இருந்த காயத் தழும்புகளை மருத்துவ அறிக்கை சொல்லிற்று. நீதவான் முன்னால் நின்றபோது ஏன் முறையிடவில்லை என்பது மேல் நீதிமன்றத்தின் கேள்வியாயிற்று. திரும்பவும் அதே பொலிசாரின் கைக்குப் போகிறவன் எதைச் சொல்லுவான்? 1995இல் அந்த வாக்குமூலத்தை வைத்தே ஐம்பது வருடச் சிறை.

அடுத்த தட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம். ஏறக்குறைய நாலு வருடம் கழித்து, 1999இல், ஐம்பதை முப்பத்தைந்தாக்கிற்று. குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. பேரம் பேசிப் பதினைந்தைக் கழித்த மாதிரி! மூன்றாம் தட்டான உயர் நீதிமன்றத்துக்கு நேரே போய்விட முடியாது, முதலில் விசேட அனுமதி கேட்க வேண்டும். 2000 சனவரியில் அது மறுக்கப்பட்டது.

பிறகுதான் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு. நிரூபிக்கும் பாரத்தை எதிரியின் தலையில் போட்டது, மேன்முறையீட்டை இழுத்தடித்தது இரண்டுமே பிழையென்று 2004இல் சொன்னது; விடுதலை அல்லது மறுவிசாரணை போன்ற பரிகாரம் வேண்டுமென்றது. அதைக் கையிலெடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்திடம் மீளாய்வு கேட்டார்கள். 2006 செப்ரெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, வாக்குமூலம் வாங்கப்பட்ட விதத்துக்குத் திரும்பவில்லை. அக்குழுவிடம் தனியாள் முறையிட வழிவிடும் நெறிமுறையில் இலங்கை 1997இல் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண், நீதி அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுக்க ஜனாதிபதிக்கு உரிமையில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிற்று. இறைமையைக் காப்பாற்றினார்களாம். பெருவிரல் அடையாளம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு நீதிபதிகளின் இனத்தை மட்டும் காரணம் காட்டுகிற எம்மவரோடும் நாம் உடன்படவில்லை. 16ஆம் பிரிவு சிங்கள இளைஞனுக்கும் அதே பிரிவுதான். அடிக்கடதாசியைச் சட்டமே செல்லுபடியாக்கிய பிறகு, நல்ல நீதிபதியும் அந்தச் சட்டத்துக்குள்ளேதான் கையை வீச வேண்டியிருக்கிறது.

2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தடுப்புக்காவலைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார்கள். 16ஆம் பிரிவைத் தொடவில்லை. எமது கோப்பில் 'மேன்முறையீடு உண்டு' என்று எழுதுகிற அதிகாரி, அந்த ஒரு பிரிவை மொழிபெயர்ப்பித்து வாசித்தபின் எழுதட்டும். மொழிபெயர்ப்பாளர் பொலிஸ்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.