கருவியும் பார்வையும்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. புனேயில் நாம் வசிக்கும் இரயில்வே குடியிருப்பில், இரண்டு வீடு தள்ளிப் பாம்பு புகுந்துவிட்டதென்று கூக்குரல் எழுந்தது. நாமும் ஓடினோம். அதற்குள் இருபது பேர் கூடிவிட்டனர். இருபது கைபேசிகளின் வெளிச்சமும் விறகுக் குவியலின்மேல் விழுந்தது. பாம்பைத்தான் காணோம். போய்விட்டது என்றனர் சிலர். பாம்பே வரவில்லை என்றனர் வேறு சிலர்.

அவ்வேளையில், மகனைப் பார்க்கத் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் முன்னே வந்தார். "தம்பி, எல்லாரும் ஈரமண்ணை மிதித்துத் தடத்தை அழித்துவிடாதீர்கள்" என்று சொல்லிக் குனிந்து பார்த்தார். "உள்ளே போன தடம் இருக்கிறது. வெளியே வந்த தடம் இல்லை. கனத்த பாம்பு" என்றார். சற்று நேரத்தில், இங்குள்ளோர் 'சர்ப்பமித்ர' என்றழைக்கும் பாம்பு பிடிக்கும் இளைஞர் வந்து விறகை ஒவ்வொன்றாக எடுத்தார். அடியில் சுருண்டு கிடந்தது கண்ணாடி விரியன்! மராத்தியில் அதனைக் 'கோணஸ்' என்பர். அவ்விறகை எடுக்கத்தான் அவ்வீட்டு அம்மையார் விடியற்காலையில் கை நீட்டியிருப்பார்.

இவ்வித்தையை எங்கே கற்றீர்கள் என்று பெரியவரை வினவினோம். "எங்கள் கழனியில் எலி பிடிக்க வரும் இருளரைப் பார்த்துத்தான்" என்றார். அந்த இருளரைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைந்தோம்.

செங்கற்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளில் வாழும் இருளர், தலைமுறை தலைமுறையாகப் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். அவர்கள் கையிலுள்ள கருவி ஒரு சிறு கடப்பாரை; மற்றொன்று ஒரு பை. எஞ்சியதெல்லாம் கண்ணிலும் நினைவிலும் இருப்பவை. வரப்பில் படிந்த மெல்லிய கோடு, வளை வாயில் வழுவழுப்பான மண், உரித்த சட்டையின் ஒரு துண்டு, காய்ந்த எச்சம் ஆகிய இவற்றைக் கொண்டு எந்தப் பாம்பு, எவ்வளவு பெரிது, உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவர். ஆடவர் மட்டுமல்லர், பெண்டிரும் இதில் வல்லவர்.

முன்பு அவர்களது பிழைப்பு பாம்புத்தோலில் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வழியை அடைத்தன. காட்டுயிர்களுக்கு அது நன்மையே. ஆயினும் வேறு தொழில் அறியாத குடும்பங்கள் என் செய்யும்? அப்பொழுதுதான், சென்னையில் பாம்புப் பண்ணை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் என்பார் துணை நிற்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்திற்கு அண்மையில் வடநெம்மேலியில் இன்றும் அது நடைபெறுகிறது.

அங்கே பாம்பைக் கொல்வதில்லை. வனத்துறையின் அனுமதி பெற்று நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினைப் பிடித்து, மணல் பரப்பிய மண்பானைகளில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கின்றனர். சில வாரங்கள் நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். வேட்டை அவ்வாறே இருக்கிறது, கொலைதான் நீங்கிற்று.

அந்த நஞ்சு எங்கே செல்கிறது? அன்பர்கள் வியப்படையலாம். நாட்டிலுள்ள நச்சுமுறி மருந்துத் தொழிற்சாலைகள் பல, இருளர் எடுக்கும் நஞ்சையே பெரிதும் நம்பி வந்திருக்கின்றன. நம் புனே மாவட்டத்திலேயே, நாசிக் செல்லும் சாலையில் உள்ள நாராயண்காவ் என்னும் ஊரில், அம்மருந்து தயாரிக்கப்படுகிறது. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுவர். குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உருவாகும். அதனைப் பிரித்துத் தூய்மை செய்து மருந்தாக்குவர். 2000 முதல் 2019 முடிய இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர். இவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். மருந்தால் பிழைத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னே, எங்கோ ஒரு வரப்பில் குனிந்து நின்ற ஒருவரின் கண் இருந்திருக்கலாம்.

இனி, கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துச் சதுப்பு நிலங்களில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளை அழித்து வருகின்றன. வெப்பத்தைக் காட்டும் புகைப்படக் கருவி மானையும் புலியையும் காட்டிவிடும். பாம்போ சூழ்ந்துள்ள நிலத்தின் வெப்பத்தையே தன் உடலிலும் கொள்வது. ஆகவே அக்கருவிக்கும் எளிதில் அகப்படாது. 2016இல் அங்கே ஒரு போட்டி வைத்தனர். 1,000க்கு மேற்பட்டோர் ஒரு திங்கள் தேடி 106 பாம்புகளைப் பிடித்தனர். மறு ஆண்டு, 2017 சனவரியில், செங்கற்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் வரவழைத்தனர். மற்றவர்கள் சாலையோரம் தேட, இவர்கள் அடர்ந்த புதருக்குள் நுழைந்தனர். இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் ஒளிந்திருந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இவ்விருவருக்கும் நம் அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

ஆகவே கருவி பயனற்றது என்று முடிவு கட்டலாமா? கூடாது. அதே புளோரிடாவில் ஆண் பாம்பின் உடலில் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி விட்டுவிடுகின்றனர். இனப்பெருக்கக் காலத்தில் அது பெண்ணைத் தேடிச் செல்லும். ஒலியைப் பின்தொடர்ந்து ஆய்வாளரும் செல்வர். இம்முறையில் ஏறத்தாழ 18 அடி நீளமும் 215 பவுண்டு எடையும் உள்ள பெண் பாம்பொன்றை, 122 முட்டைகளோடு கண்டுபிடித்ததாக 2022இல் அறிவித்தனர். ஆனால் இம்முறை புதிதன்று. பழக்கிய மானைக் காட்டி மானையும், பழக்கிய பறவையைக் காட்டிப் பறவையையும் பிடிப்பது நம் முன்னோர் கண்ட வழி. அவ்வாறு பழக்கிய விலங்கிற்குப் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர். வானொலி புதிது, பார்வை பழையது. விலங்கின் இயல்பை அறிந்தவன் கையில்தான் கருவி பயன்படுகிறது. அறியாதவன் கையில் அது இருபது கைபேசி வெளிச்சமாகிவிடும்.

இதை எழுதும்போது நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் வாழும் இம்மராட்டிய மண்ணிலும் இருளரைப் போன்ற மக்கள் உளர். பார்திகள் என்பது அவர்கள் பெயர். 'பாரத்' என்ற மராத்திச் சொல்லுக்கு வேட்டை என்று பொருள். கண்ணி வைத்துக் கவுதாரியும் காடையும் பிடிப்போர் பாசே பார்திகள். பசுவின் மறைவில் நடந்து விலங்கை அணுகுவோர் காயக்கே பார்திகள். ஆங்கிலேயர் இவர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தனர். 1952இல் அச்சட்டம் நீங்கியது. அக்கறை மட்டும் நீங்கவில்லை. ஒருமுறை நாம் பணியிலிருந்த நிலையத்தில் பயணி ஒருவரின் பெட்டி காணாமற்போயிற்று. நடைமேடை ஓரத்தில் ஒரு பார்திக் குடும்பம் அமர்ந்திருந்தது. எல்லோர் கண்ணும் அவர்கள்மேல் பாய்ந்தது. நம் கண்ணும் பாய்ந்தது. கால் மணி நேரத்தில் பெட்டி, அப்பயணி வந்த வண்டியிலேயே, அவரது இருக்கையின் அடியில் கிடைத்தது. யாரும் அக்குடும்பத்தினிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இருளர்க்கு ஒரு சங்கம் வாய்த்தது; அதனால் அவர்களது அறிவு உயிர் காக்கும் மருந்தாயிற்று. மத்தியப் பிரதேசத்துப் பன்னாக் காட்டில் பார்தி இளைஞர்களை வழிகாட்டிகளாக்கும் முயற்சி நடைபெறுகிறது. அறிவு இரு சாராரிடமும் ஒன்றே. அதனை மதித்து வாங்கிக்கொள்ளும் கைதான் ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் அரிது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்டவரை நடக்க விடாமல், 108ஐ அழைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். மருந்து ஏறும்போது, அது யார் கையிலிருந்து புறப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அடுத்த முறை நடைமேடையில் ஒரு பார்திக் குடும்பத்தைக் காணும்போது அவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை நம்மிடமிருந்தே கற்றுக்கொள்வர்.

மீண்டும் அடுத்த திங்களில் சந்திப்போம்.