ரபுன் ஜாவும் தூரப்பார்வையும் ஒன்றல்ல

சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கு வந்து மாணவர்களின் கண்களைச் சோதித்துச் செல்லும் நாளை, ஒரு பாடவேளை வீணான நாளாகவே நம்மில் பலர் கருதுகிறோம். தாதி தரும் குறிப்புத்தாள் மாணவனின் பைக்குள் செல்கிறது. பெற்றோர் அதைப் படித்தார்களா, படித்தது விளங்கிற்றா என்று எவரும் வினவுவதில்லை. இந்த அலட்சியத்தைச் சாடவே இதனை எழுதுகிறேன். முதல் அடி என் முதுகில்தான் விழ வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், என் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாளில் 'ரபுன் ஜாவ்' என்று எழுதியிருந்தது. அவன் தாயாருக்கு மலாய் அவ்வளவாக வராது என்பதால், கீழே தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன். ஜாவ் என்றால் தூரம். எனவே 'தூரப்பார்வை' என்று எழுதிவிட்டேன். தமிழாசிரியன் அல்லவா, அகராதியைப் புரட்டவும் தோன்றவில்லை! அந்த அம்மையாரோ என்னைவிடப் பொறுப்பானவர். பழைய அறிவியல் நூலொன்றைத் தேடி எடுத்து, தூரப்பார்வை உடையோருக்கு அருகில் உள்ளவையே மங்கும் என்று படித்திருக்கிறார். மகனிடம் நாளிதழைக் கொடுத்தார். அவன் பொடி எழுத்துகளையும் கடகடவென்று படித்தான். தாதிதான் பிழையாக எழுதிவிட்டார் என்று முடிவுசெய்து தாளை மடித்து வைத்துவிட்டார். ஓராண்டு போயிற்று. கடைசி வரிசையில் அமர்ந்து, வெண்பலகை தெரியாமல் பக்கத்து மாணவனின் ஏட்டைப் பார்த்து எழுதியவனைத் 'திருட்டுத்தனம்' என்று நானே கண்டித்தும் இருக்கிறேன்.

மலாய்ச்சொல் எது மங்குகிறதோ அதைச் சொல்கிறது. நம் சொல்லோ எது தெரிகிறதோ அதைச் சொல்கிறது. ஆகவே ரபுன் ஜாவ் என்பது கிட்டப்பார்வை; ரபுன் டெக்காட் என்பதே தூரப்பார்வை. கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுவதால், ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. அதற்குக் குழிவில்லை வேண்டும். நாற்பதைத் தாண்டிய நாம் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிப்போமே, அந்த வெள்ளெழுத்து வேறு கதை. சொல் தூய தமிழாக இருந்தால் போதும் என்று மேடையில் முழங்குவோர், அது பெற்றோரிடம் எப்பொருளில் போய்ச் சேர்கிறது என்றும் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

எண்களின் கதி இன்னும் மோசம். தாளில் 6/18 என்றிருந்தால், பதினெட்டுக்கு ஆறு மதிப்பெண் என்று நினைக்கும் ஆசிரியர்களையே கண்டிருக்கிறேன். 1862இல் நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் அமைத்த எழுத்து அட்டையை ஒட்டி வந்த கணக்கு இது. இயல்பான கண் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை, இவன் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறான் என்பதே பொருள். பிறகு கண்ணாடிக் கடையில் 'இருநூறு' என்கிறார்கள். எத்தனைக்கு இருநூறு என்று தந்தை ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதானே? இருநூறு என்பது இரண்டு டயாப்டர். கிட்டப்பார்வையில் அப்படியென்றால், கண்ணாடியின்றி அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை. வெண்பலகை எங்கே, அரை மீட்டர் எங்கே!

சோதனை நாளிலும் நமக்கு வேலை உண்டு. முன்னால் நிற்பவன் சொல்வதைக் கேட்டே வரிகளை மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகள் உண்டு. விரலிடுக்கில் எட்டிப் பார்ப்போரும் உண்டு. ரோமன் எழுத்து இன்னும் பிடிபடாத முதலாம் ஆண்டுப் பிள்ளை தயங்கினால் அது கண்ணின் குறையாகாது. திசைமாறி நிற்கும் 'ஈ' அட்டையைக் காட்டி, கையால் திசை காட்டச் சொல்லலாம் என்று தாதியிடம் நாம்தான் எடுத்துரைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதிப்பது சடங்கன்று. ஒரு கண் நன்றாகப் பார்க்க, மற்றதை மூளை ஒதுக்கிவிடும் நிலைக்குச் 'சோம்பேறிக் கண்' என்று பெயர். இரு கண்களும் திறந்திருக்கும்வரை அது வெளியே தெரியாது. சிறுவயதில் கண்டால் கண்ணாடியாலும், நல்ல கண்ணை மறைத்துப் பயிற்றுவதாலும் சீராக்கலாம். வயது ஏற ஏற அது கடினம். சோம்பல் கண்ணில் இருக்க, சோம்பேறி என்ற பட்டத்தைப் பிள்ளைக்குச் சூட்டுகிறோம்.

'ஆசிரியர் என்ன கண் மருத்துவரா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லைதான். மருத்துவம் பார்க்கச் சொல்லவில்லை, வந்த தாளைச் சரியாகப் படிக்கச் சொல்கிறேன்.

பெற்றோர்க்கும் ஒன்று. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று அஞ்சி, குறைந்த பவரில் வாங்கித் தருவோர் நம்மிடையே பலர். நம் மலேசியாவிலேயே 94 சிறாரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், குறைந்த பவர் அணிந்தோருக்கே கிட்டப்பார்வை கூடுதலாக ஏறியது. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி அழகில்லை என்னும் பேச்சுக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை.

இப்பொழுதெல்லாம் 'ரபுன் ஜாவ்' என்று வரும் தாள்களின் கீழே நான் எழுதி அனுப்புவது இதுதான்: "உங்கள் பிள்ளைக்குத் தூரத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிகின்றன. தமிழில் இதற்குக் கிட்டப்பார்வை என்று பெயர். வீட்டில் புத்தகத்தை நன்றாகப் படிப்பான். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இம்மாதத்திற்குள் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவனை முன் வரிசையில் அமர்த்தியிருக்கிறேன்." வேண்டும் ஆசிரியர்கள் அப்படியே நகலெடுத்துக் கொள்ளலாம். என் பெயர் வேண்டா.