அவுரி அறியாத அழகுக்கலை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பஸ், மதகடிப்பட்டிலும் திருபுவனையிலும் புதுச்சேரி ஆட்சிக்குள் நுழைந்து, கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாட்டு மண்ணைத் தொட்டு, அரியூர்ப் பக்கம் மறுபடியும் எல்லையைக் கடந்து வில்லியனூரை நோக்கி விரைகிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வகுத்துவிட்டுப் போன இந்தக் கோணல்மாணலான எல்லையைப் பற்றி, மதுக்கடை தேடி இறங்குவோரைத் தவிர, பிரயாணிகள் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கண்டமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் படிப்பை முடித்துவிட்டுப் புதுச்சேரி நேரு வீதியின் ஜவுளிக் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் ஜீவனம் தேடும் பெண்களுக்கு அந்த எல்லை அற்ப விஷயமன்று. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அழகுக்கலை, ஆடை வணிகம், கடை விற்பனை ஆகியவை கல்லூரியில் கற்பிக்கத்தக்க வித்தைகள்தாமா என்னும் சர்ச்சை காலங்கடந்தது. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தோன்றியது. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு பி.வோக். என்னும் தொழிற்கல்விப் பட்டத்துக்கு வழி திறந்தது, ஐ.டி.ஐ.களில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் பயிற்சியாக நடக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கலைக் கல்லூரி வகுப்புகளுக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுவந்துவிட்டது. கதவு திறந்தாயிற்று, உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்பதே இப்போது கேட்கவேண்டியது.

தொழிற்கல்வி என்ற பேச்சை எடுத்தாலே தமிழ்நாட்டில் ஒரு சந்தேகம் எழும். அது நியாயமான சந்தேகமே. 1953-இல் ராஜாஜி, ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று கொண்டுவந்த திட்டத்தை ஜனங்கள் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். மறு ஆண்டில் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. எழுபது ஆண்டு கழித்து, 18 கைத்தொழில்களுக்குள் முடி திருத்துதலையும் சேர்த்த ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டத்தை, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைக் காட்டி, இதே மாநிலம் ஏற்க மறுத்ததும் அந்தப் பழைய நினைவின் தொடர்ச்சிதான். கல்லூரி வகுப்பில் எந்தக் குலத்துப் பெண்ணும் வந்து கத்தரிக்கோலைப் பிடிக்கலாம் என்பதனால், அழகுக்கலைப் படிப்பு அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு விடை சொல்லியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஓரளவு என்றேன், கண்ணாடிச் சுவருக்குள் குளிர்சாதனத்தில் செய்தால் கலையென்றும், புளியமரத்தடியில் செய்தால் சாதித் தொழிலென்றும் கருதும் புத்தி எந்தச் சான்றிதழாலும் நம்மை விட்டுப் போய்விடவில்லை.

சாதியின் கட்டு தளர்ந்த இடத்தில் அறிவு குடியேறியதா என்று பார்த்தால்தான் ஏமாற்றம் உண்டாகிறது. இப்பயிற்சிகளின் பாடங்களில் புன்னகையும் ‘கஸ்டமர்’ வரவேற்பும் பெறுகிற இடத்தைச் சரக்கைப் பற்றிய ஞானம் பெறுவதில்லை. ஆடை வணிகம் ஏதோ நேற்றுப் பம்பாயிலிருந்து வந்திறங்கிய புதுமை போலக் கற்பிக்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்னார்க்காட்டு வயல்களில் விளைந்த அவுரியிலிருந்து எடுத்த நீலத்தில் தோய்ந்து, ‘கினே’ என்ற பெயரோடு புதுச்சேரித் துறையில் கப்பலேறிய பருத்தித் துணி, ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரையில் வேலம்பிசினுக்கு மாற்றுப் பண்டமாக, நாணயம் போலவே செலாவணியாயிற்று. அந்த நதிக்கரை வியாபாரிகள் துணியைக் கையால் தடவியும், மூக்கருகே வைத்து முகர்ந்தும், நீலத்தின் பளபளப்பை வெயிலில் பிடித்துப் பார்த்தும் எடை போட்டார்கள். பிரெஞ்சு தேசத்து ஆலைகள் செய்து அனுப்பிய போலித் துணி அவர்களிடம் எளிதில் விலைபோகவில்லை. கடல் கடந்த ஒரு ஜனசமூகம் எந்த வாசனையை விரும்பும், எந்தப் பளபளப்பை மெய்யென்று நம்பும் என்பதை அறிந்து, அதற்கேற்ப நெய்வித்துச் சாயமிடுவித்துக் காலத்தில் அனுப்பிய சாமர்த்தியத்துக்கு இன்றைய பாடப்புத்தகம் இட்டிருக்கும் பெயர்தான் ‘ஃபேஷன் மெர்ச்சண்டைசிங்’. அந்தப் பாடத்துக்கு உதாரணம் தேடி மிலான் நகரத்துக்குப் போகவேண்டிய அவசியம் கண்டமங்கலத்து மாணவிக்கு இல்லை.

அவுரியின் கதை 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததோடு சரிந்தது உண்மை, முடிந்துவிடவில்லை. திண்டிவனம் வட்டாரத்தில் இலையைத் தொட்டியில் ஊறவைத்து, நீரைக் கலக்கி அடித்து, அடியில் படியும் நீலத்தைத் திரட்டும் வேலை இன்னும் அற்றுப்போகவில்லை. அந்த நீலக்கட்டியைத் தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்கவைத்து நூலுக்குச் சாயமேற்றுவது நம்முடைய பழைய முறை. அதே செடியின் உலர்ந்த இலைப்பொடியோ அழகு நிலையத்து அலமாரிக்கு வந்துவிட்டது. மருதாணி பூசி அலசியபின் அவுரிப் பொடியைக் குழைத்துப் பூசினால் நரைமுடி கறுக்கிறது. மருதாணியின் செம்மைமேல் அவுரியின் நீலம் ஏறுவதால் விளையும் கறுப்பு அது. சாயத் தொட்டியும் தலைமுடியும் ஒரே ரசாயனத்தின் இரண்டு சாலைகள் என்று காட்டுகிற ஆசிரியர் கிடைத்தால், ஒரே செடியை வைத்து அழகுக்கலை, ஆடை வணிகம், விற்பனை மூன்றையும் நடத்திவிடலாம்.

இந்த ஞானம் அலங்காரத்துக்காக மட்டும் வேண்டுவதன்று. கடையில் விற்கும் கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாரா-ஃபினைலீன்-டயமின் என்னும் பொருள் உண்டு. சிலருடைய தோலில் அது கொப்புளமும் வீக்கமும் உண்டாக்கும். திருவிழாக்களில் சட்டென்று கையில் கறுக்கும் ‘கறுப்பு மருதாணி’யிலும் பெரும்பாலும் அதுவே கலந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கும் சோதனையை, வாடிக்கைக்காரி அவசரப்படுத்தினாலும் முதலாளி முகம் சுளித்தாலும் விடமாட்டேன் என்று சொல்லும் துணிவு, அந்தப் பொருள் என்ன செய்யும் என்று தெரிந்தவளுக்கே வரும்.

முதலாளியின் முகத்தைப் பற்றிப் பேச்சு வந்தமையால் எல்லைக்கோட்டுக்குத் திரும்புகிறேன். கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காக நடத்திய போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018-இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு கடையும் தன் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. சென்னை ரங்கநாதன் தெருக் கடைப் பணியாளரின் கால்வலியை ‘அங்காடித் தெரு’ என்னும் படம் 2010-இலேயே திரையில் காட்டியபின் வந்த சட்டம் அது. பதினோராண்டு தாமதம் என்று குறை சொல்லலாம், வந்ததே பெரிதென்று மகிழவும் செய்யலாம். ஆனால் அந்தச் சட்டம் அரியூர்ப் பஸ்ஸில் ஏறி நேரு வீதிக்குப் போவதில்லை. விழுப்புரம் கடைக்கு ஒரு மாநிலத்தின் விதியும் குறைந்தபட்சக் கூலியும். புதுச்சேரிக் கடைக்கு வேறு ஆட்சியின் விதியும் கூலியும். காலையில் ஓர் ஆட்சியில் கண்விழித்துப் பகலெல்லாம் மற்றொன்றில் நிற்கும் பெண்ணுக்கு இந்த வேற்றுமையைச் சொல்லித்தர எந்த வகுப்பிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வேலைவாய்ப்பு முகாம்களில் எத்தனை பேர் தேர்வானார்கள் என்று பலகை எழுதி மகிழும் கல்லூரிகள், அதே பலகையில் கூலி எவ்வளவு, வேலை நேரம் எத்தனை, உட்கார இருக்கை உண்டா, எந்த மாநிலத்துச் சட்டம் செல்லும் என்னும் நான்கு விவரங்களையும் சேர்த்து எழுதட்டும். அவற்றை எழுதித்தர மறுக்கும் கடைக்கு மாணவிகளை அனுப்பாதிருக்கும் அதிகாரம் கல்லூரி முதல்வரிடமே இருக்கிறது. அதற்குப் புதிய அரசாணை எதுவும் வேண்டியதில்லை.