பழகுந் திறனா, நடிக்கும் பயிற்சியா?

பிறரோடு பழகுந் திறனைப் பயிற்றுவதாகக் கூறும் நடத்தைச் சிகிச்சை, ஓட்டிசம் உடைய பிள்ளைகளுக்கு உண்மையில் எதனைப் பயிற்றுகின்றது?

வாரத்துக்கு 40 மணிநேரத்துக்கு மேலாகப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளுள் 9 பேர் ஏனைய பிள்ளைகளையொத்த அறிவு, கல்வி நிலையை எய்தினரென, கலிபோர்னியப் பல்கலைக்கழக உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1987இல் அறிவித்தார். பாராட்டோடு உரத்த அதட்டலும் தொடையில் அறைதலும் அப்பயிற்சியில் இடம்பெற்றன. அடிப்பது பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டது. எனினும், ‘கண்ணைப் பார்’, ‘கையை ஆட்டாதே’ என்னும் இலக்குகள் நெடுங்காலம் நிலைத்தன. இவை யாருடைய வசதிக்கானவை? பார்ப்போரின் சங்கடம் நீங்குவதைப் பிள்ளையின் வெற்றியெனக் கொள்ளலாமா?

உறவு இருவழிப்பட்டது. ஓட்டிசம் உடையோர் தமக்குள்ளே செய்தியைக் கடத்துவதில் ஏனையோருக்குக் குறைந்தவரல்லர் என்பதை 2020இல் வெளியான எடின்பரோப் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. இரு சாராரும் கலந்தபோதே செய்தி கூடுதலாகச் சிதைந்தது. குறை ஒரு சாராரிடம் மட்டும் இல்லையெனின், பயிற்சி மட்டும் ஒரு சாராருக்கே உரியதாவது ஏன்?

பேசவும், உதவி கேட்கவும், மறுக்கவும் கற்பிப்பதை நாம் எதிர்க்கவில்லை. தன்னை மறைத்து நடிக்கக் கற்பிப்பதையே எதிர்க்கின்றோம். அதனைத் திறன் என்றழைப்பது அறிவியலன்று. பெரும்பான்மையின் வழக்கத்தை இயற்கை நியதியாக்கும் ஆதிக்கமேயாகும்.