சமையலறைக் கதவுக்குப் பின்னால்

ரொறன்ரோவில் நல்ல இத்தாலிய உணவகம் தேடுவோர் பலர் கொலேஜ் வீதியின் 'சின்ன இத்தாலி'க்கே முதலில் செல்கின்றனர். ஆனால் பெயர்ப்பலகை சுவைக்குச் சான்றாகாது. கார்பொனாரா பாஸ்தாவைக் கேட்டுப் பாருங்கள். உரோமாபுரி முறைப்படி அதற்கு முட்டை, பெக்கொரீனோ பாற்கட்டி, பன்றியின் தாடை இறைச்சி, மிளகு ஆகியவையே போதும். கிறீம் கலந்து வந்தால் வேறிடம் பாருங்கள்.

இதைவிட எளிய வழியும் உண்டு. 1983 கறுப்பு யூலைக்குப் பின் அங்கு சென்ற எம்மவர் சிலர், கோப்பை கழுவுவதில் தொடங்கி இத்தாலியச் சமையலில் தேர்ந்தவர்களாயினர். அவர்களைக் கேளுங்கள், எந்த அடுப்பில் நேர்மை உண்டென்பதை அவர்கள் அறிவர்.

உணவு விமர்சனங்களில் உணவகத்தின் பெயர் வருகிறது. சமைத்த தமிழனின் பெயர் அரிதாகவே வருகிறது. பத்திரிகைக்காரன் என்ற வகையில் இக்குறையில் எனக்கும் பங்குண்டு.